சூசைதாசன், கடற்கரை வீதி, யாழ்ப்பாணம்

இயேசு மரி சூசை

குருநகர்,
24.03.2024

மதிப்புக்குரிய சூசைதாசன் ஐயாவுக்கு,

குருநகரிலிருந்து ஜெசிதா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களைச் சுகமாகக் காண வேண்டும் என்று மன்றாடுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவரும் சுகம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறார்.

என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது உங்கள் பெயர் மட்டும்தான். அது என் அப்பாவின் பெயர்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. சூசையப்பர் திருநாளன்று அவருடைய பெயரைத் தாங்கியவர்கள்தான் சுரூபத்தைத் தோளில் சுமப்பார்கள். இந்த முறை எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். அப்பா போகவில்லை. திருநாள் மலரின் கடைசிப் பக்கத்தில், பல ஊர்களிலும் அந்தப் பெயர் உள்ளவர்களின் பட்டியலைத் தொழிலோடும் விலாசத்தோடும் போட்டிருந்தார்கள். அதில் என் அப்பாவைத் தவிர ஐந்து சூசைதாசன்கள் இருக்கிறீர்கள். உங்கள் பெயருக்கு நேரே "றேடியோ திருத்துநர், கண்டுபிடிப்பாளர், பருத்தித்துறை" என்று இருந்தது. கண்டுபிடிப்பாளர் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஏனென்றால் ஒருநாள் மீனவர் சங்கத்தில் ஒருவர் அப்பாவிடம், "சூசைதாசன் எண்டு பேர் வைச்சவை சுரூபம் காவலாம் மச்சான், கண்டுபிடிப்பெல்லாம் உங்களுக்குச் சரிவராது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதனால் ஒரு கொப்பி வாங்கி, "சூசைதாசன்மார்: தொழிலும் கண்டுபிடிப்பும்" என்று அட்டையில் எழுதியிருக்கிறேன். அது நிறைந்ததும் அப்பாவிடம் கொடுப்பேன். நீங்கள் என்னென்ன வேலை செய்தீர்கள், எதைக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு யாராவது சிரித்தார்களா என்று எழுதுவீர்களா? நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். நேரம் எடுத்து எழுதினால் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
சூ. ஜெசிதா

*

பருத்தித்துறை,
06.04.2024

அன்புள்ள மகள் ஜெசிதாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். மூச்சிழுப்பு மட்டும் விட்டபாடில்லை. காதும் பாதிதான் கேட்கும். அதனால்தான் ரெலிபோன் வைத்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபாற்காரர் வாசலில் நின்று கத்தியிருக்கிறார். கார்த்திகை மாதத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் இது.

ஐயா என்று எழுதாதே. உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே பெயர், நான் மூத்தவன், ஆகவே பெரியப்பா.

தொழில் கேட்டாய். பதினெட்டு வயதில் றேடியோ திருத்தப் பழகினேன். பிறகு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தேன். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ பூட்டிக் கொடுத்தேன். அது என் கண்டுபிடிப்பு இல்லை, அந்த நாளில் யாழ்ப்பாணம் முழுக்க அதைத்தான் செய்தது. மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு தேங்காய் திருவும் சைக்கிள். ஏறி மிதித்தால் முன்னால் திருவலை சுற்றும். என் மனுசி அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பாதித் தேங்காய்க்கு நான் நெல்லியடி வரைக்கும் சைக்கிள் ஓடோணுமோ?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதற்குப் படம் கீறி கண்டுபிடிப்பாளர் மன்றத்துக்கு அனுப்பினேன். அவள் போய் ஒன்பது வருடம். பிள்ளைகள் பிரான்சில். சைக்கிள் இன்னும் கொட்டிலில் நிற்கிறது. இதுவரை அதில் வேறு ஒருவரும் ஏறவில்லை.

கொப்பியில் இதையும் எழுது: போன மார்கழியில் அதே மன்றம் என்னை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திக் கேடயமும் சான்றிதழும் தந்தது. மண்டபம் நிறைய ஆட்கள்.

உன் அப்பா என்ன தொழில்? மறுபடி எழுது. நீளமாக எழுது.

அன்பு ஆசிகளுடன்,
பெரியப்பா ம. சூசைதாசன்

*

இயேசு மரி சூசை

குருநகர்,
15.04.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இழுப்புக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அற்புதராணி அன்ரிக்கும் வாசித்துக் காட்டினேன். நெல்லியடிப் பகுதியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மற்றச் சூசைதாசன்களைப் பற்றியும் சொல்கிறேன். மன்னாரில் ஒருவர் பாண் சுடும் போறணை வைத்திருக்கிறார். சைக்கிள் சங்கிலியில் தட்டுகளைக் கோத்து, கை சுடாமல் பாண் எடுக்கிறாராம். கொடிகாமத்துச் சூசைதாசன் மரக்கறி லொறி ஓட்டுகிறார். கீரை வாடாமல் இருக்கக் கூரையில் தண்ணீர்க் குழாய் ஒன்று பூட்டி, கொழும்பு வரைக்கும் சாக்கைத் துளித்துளியாக நனைக்கிறாராம். கனடாவில் ஒருவர் லிப்ட் திருத்துகிறவர். கதவு கையை நெரிக்காமல் நிற்கிற கருவிக்குக் காப்புரிமை வைத்திருக்கிறார். அவருடைய மகள்தான் எழுதினார், அப்பாவுக்குத் தமிழில் எழுத நேரமில்லை என்று. ஐந்தாவது கடிதம் "விலாசதாரர் காலமானார்" என்று திரும்பி வந்துவிட்டது. அவர் என்ன செய்தார் என்று இனி யாரிடம் கேட்பது? அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்போது என் அப்பா. அவர் நண்டு வலை போடுகிறவர். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஜெனிஸ்ரன் சித்தப்பா எங்கள் போட்டைத் தனியாகக் கொண்டுபோனார். எப்படியோ தவறிக் கடலில் விழுந்துவிட்டார். போட் நிற்கவில்லை. பெற்றோல் முடியும் வரை ஆளில்லாமல் ஓடி, பிறகு கரை தட்டிக் கிடந்தது. சித்தப்பாவுக்கு நன்றாக நீந்தத் தெரியும், பெரியப்பா. ஆனால் போட் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்துகிறார். ஒருநாள் ஒரு கயிறு செய்தார். புது எஞ்சின்களில் கொம்பனி ஒரு கயிறு வைத்திருக்கும், ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்பதற்கு. ஆனால் வலை இழுக்கும்போது அது கொளுவி எஞ்சினை நிறுத்திவிடும். அதனால் முதற் கிழமையிலேயே கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்பாவுடையது அப்படியில்லை. போட்டின் ஓரமாக ஒரு கம்பி, கம்பியில் ஓடும் வளையம், வளையத்திலிருந்து இடுப்புக்குக் கயிறு. முன்பக்க அணியத்திலிருந்து எஞ்சின் வரை தாராளமாக நடக்கலாம். கம்பி முடியும் இடத்தில் எஞ்சினில் பனைமரச் சிலாகை ஆப்பு ஒன்றைச் சைக்கிள் ரியூப்பால் இறுக்கியிருக்கிறார். வலை இழுத்தால் அது அசையாது. ஒரு மனிதனின் பாரம் இழுத்தால்தான் கழன்று, எஞ்சின் நிற்கும்.

சங்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். "நானென்ன ஆடோ, கட்டிப்போட?" என்றார்கள். அங்கேதான் அந்தச் சுரூபப் பேச்சும் வந்தது.

அப்பாவுக்குத் தெரியாமல் நான் போன ஐப்பசியில் அதற்குப் படம் கீறி, உங்களுக்குப் பரிசு தந்த அதே மன்றத்துக்கு அனுப்பினேன்! அப்பாவின் பெயரில்தான். "சூசைதாசன், கடற்கரை வீதி, யாழ்ப்பாணம்" என்று விலாசம் போட்டேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், வந்து சேரும். ஆறு மாதமாகப் பதில் இல்லை. பரிசு வேண்டாம், பெரியப்பா. நல்லது என்று ஒரு வரி வந்தால் போதும். அப்பா தலையை நிமிர்த்திச் சங்கத்துக்குப் போவார். கடலுக்கும் போவார் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எந்தக் கண்டுபிடிப்புக்குப் பொன்னாடை தந்தார்கள்? சைக்கிளுக்கா? அவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா?

அன்பு மகள்,
ஜெசிதா

*

குருநகர்,
02.06.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஒன்றரை மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இழுப்புக் கூடிவிட்டதோ என்று யோசிக்கிறேன். பூசையில் உங்களுக்காகவும் மன்றாடினேன்.

இங்கே ஒரு கவலை. அப்பா போட்டை விற்கப் போகிறார். சங்கத் தலைவர் எமில்ராஜ் மாமா வாங்குகிறாராம். இந்த மாதம் முடிய வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் அழுதபோது அப்பா, "ஓடாத போட்டுக்கு ஏன் பிள்ளை காவல்?" என்றார். நேற்று அந்தக் கம்பியையும் வளையத்தையும் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். எமில்ராஜ் மாமாவுக்கு அது தேவையில்லையாம்.

மன்றத்திலிருந்து ஒரு வரி வந்தால் அப்பா விற்க மாட்டார். எனக்கு அது நிச்சயம். 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நானே மன்றத்தின் கந்தோருக்குப் போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை 750 பஸ்ஸில் வந்து உங்களைப் பார்க்கட்டுமா? சைக்கிளில் ஏறிப் பார்க்கவும் ஆசை.

உங்கள் நலத்துக்காக ஏங்கும்,
ஜெசிதா

*

பருத்தித்துறை,
08.06.2024

மகள் ஜெசிதாவுக்கு,

சுகம். வர வேண்டாம், நான் வீட்டில் இருக்கமாட்டேன். மன்னாரில் ஒரு அலுவல்.

கந்தோருக்கும் இப்போது போகாதே. அங்கே ஆட்கள் மாறிவிட்டார்கள், பழைய கோப்பு ஒன்றும் இருக்காது. அப்பாவிடம் போட்டை விற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

கம்பிக்கும் போட்டின் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? உன் படத்தில் அது தெளிவாக இல்லை.

ம. சூசைதாசன்

*

குருநகர்,
12.06.2024

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம்தானே?

நான் உங்களுக்குப் படம் ஒன்றும் அனுப்பவில்லையே. படம் ஒன்றுதான் கீறினேன். அது மன்றத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கந்தோருக்குப் போகிறேன்.

ஜெசிதா

*

பருத்தித்துறை,
13.06.2024, மாலை

ஜெசிதா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நாளைக்கு நீ கந்தோருக்குப் போவாய். இந்தக் கடிதம் உன்னை முந்தாது. இருந்தாலும் அங்கே உள்ளவர்கள் சொல்வதோடு விடாமல் நானும் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகையில் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. "உங்கள் கண்டுபிடிப்புத் தெரிவுசெய்யப்பட்டுள்ளது, மார்கழி 9ஆம் திகதி வரவும்" என்று இருந்தது. எந்தக் கண்டுபிடிப்பு என்று அதில் இல்லை. அவர்களின் பழைய பெயர் இடாப்பில் சூசைதாசன், கடற்கரை வீதி என்று நான் இருந்திருக்கிறேன். பருத்தித்துறையிலும் கடற்கரை வீதி இருக்கிறது, மகள். அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணம். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் கழித்து என் சைக்கிளுக்குப் பதில் வந்திருக்கிறது என்றுதான் சத்தியமாக நினைத்தேன். சட்டையைக் கஞ்சி போட்டு மினுக்கிக்கொண்டு போனேன்.

மேடையில் ஏற்றினார்கள். ஒருவர் வாசித்தார். எனக்குப் பாதிதான் கேட்டது. "கயிறு" என்று கேட்டது. "மீனவர் உயிர்" என்று கேட்டது. என்னுடையது இல்லை என்று அப்போது விளங்கிவிட்டது. அதற்குள் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கைதட்டினாள். பிழை நடந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒலிவாங்கியைக் கிட்டக் கொண்டுவந்தார்கள். "நன்றி" என்று சொன்னேன்.

சான்றிதழோடு கோப்பும் தந்தார்கள். அதற்குள் உன் படமும் எழுத்தும் இருந்தன. பங்குனியில் உன் முதற் கடிதம் வந்தபோது உறையைப் பார்த்ததுமே அதே கையெழுத்து என்று தெரிந்தது. பதில் போடாமல் விட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் பொன்னாடைக் கதையை உனக்கே எழுதினேன். உண்மையைச் சொன்னால் நீ இரண்டாவது கடிதம் எழுதமாட்டாய் என்று பயந்தேன். எனக்கு வேறு யாரும் எழுதுவதில்லை.

மன்னாரில் அலுவல் ஒன்றும் இல்லை. நான் வீட்டில்தான் இருந்தேன்.

சூசைதாசன்

*

பருத்தித்துறை,
29.06.2024

ஜெசிதாவுக்கு,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். சுகமாக இருந்தால் போதும்.

நான் மன்றத்துக்குப் போனேன். மேடை போட்டு உன் அப்பாவைக் கூப்பிடுங்கள், பிழை என்னுடையது என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அங்கிருந்த பிள்ளை டிலக்ஷி, "பேர் ஒண்டுதானே ஐயா, சேட்டிபிக்கட்டிலை இனிஷலும் இல்லை. அப்பிடியே குடுத்து விடுங்கோவன்" என்கிறாள். இனிமேல் விழா அடுத்த வருடம்தானாம். அவள் சொல்வது சரி. சான்றிதழில் ஒரு எழுத்தும் மாற்றத் தேவையில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் இன்னும் கெட்டுப்போனது.

சான்றிதழும் கேடயமும் கோப்பும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. சுவரில் தொங்கியதால் சட்டத்தின் பின்பக்கம் கொஞ்சம் சுண்ணாம்பு பட்டிருக்கிறது.

ம. சூசைதாசன்

*

இயேசு மரி சூசை

குருநகர்,
18.07.2024

சூசைதாசன் ஐயாவுக்கு,

சுகம் விசாரிக்காமல் கடிதம் எழுத எனக்குப் பழக்கமில்லை. ஆகவே, சுகமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

கந்தோரில் உங்கள் கையொப்பத்தைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. நான் கொப்பியில் உங்கள் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழித்தால் மறுபக்கத்தில் இருந்த மன்னார்ச் சூசைதாசனும் போய்விடுவார். அதனால் கிழிக்கவில்லை. அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எமில்ராஜ் மாமாவுக்கு ஒரு செத்தவீடு வந்ததால் போட் எடுக்கப் பிந்தியது. அது ஒன்றுதான் எனக்கு அதிர்ஷ்டம்.

பார்சலைக் கட்டிலுக்குக் கீழே இரண்டு கிழமை வைத்திருந்தேன். மன்றம் தபாலில் அனுப்பியது என்று ஒரு பொய்யும் ஆயத்தமாக இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். செவ்வாய்க்கிழமை மாலை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தேன்.

அவர் சான்றிதழை நெடுநேரம் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "உது ஆரின்ரையோ சுவரிலை கிடந்திருக்கு. ஆர் போய் வாங்கினது?" என்று கேட்டார். சுண்ணாம்பைத் துடைக்க எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். பொய் வாய்க்குள் இருந்தும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன்.

வாசித்து முடித்ததும் கேட்டார்: "உவர் மேடையிலை நிக்கேக்கை கயிறைப் பற்றி வாசிச்சவையோ?"

"ஓம் அப்பா."

"முழுக்க வாசிச்சவையோ?"

"எழுதி அனுப்பினதை முழுக்க வாசிச்சிருப்பினம்."

"சனம் கைதட்டினதோ?"

"ஒரு பொம்பிளை எழும்பி நிண்டு தட்டினவவாம்."

அப்பா சான்றிதழைக் கடிதங்களுக்கு மேல் வைத்தார். பிறகு, "அப்ப ஆரோ கேட்டிருக்கினம்" என்றார். அவ்வளவுதான். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அந்தச் சாக்கை அவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவர் உங்களிடம் வருகிறார். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், மாட்டாராம். உங்களை இப்போது பெரியப்பா என்று எழுத எனக்கு வரவில்லை. ஆனால் அப்பா வருவதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்குச் சீனி குறைத்துத் தேநீர் கொடுங்கள்.

சூ. ஜெசிதா

*

பருத்தித்துறை,
22.07.2024

அன்புள்ள ஜெசிதாவுக்கு,

நேற்று நடந்ததை உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். அவர் அவ்வளவு கதைக்கிறவர் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். நீ வாசித்துவிட்டு எறிந்தாலும் சரி.

பத்தரைக்கு வந்தார். தோளில் சாக்கு. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "போட் ஒண்டு வேணும்" என்றார்.

உனக்கு ஒன்று நான் எழுதவில்லை. வைகாசியில் உன் படத்தைப் பார்த்து நானே ஒரு கயிறு செய்து, பக்கத்து வீட்டுச் சுபாங்கனின் போட்டில் பூட்டியிருந்தேன். எடுத்த பொன்னாடைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு எண்ணம். பூட்டிய பிறகு இடைவெளியில் சந்தேகம் வந்துதான் உன்னிடம் கேட்டேன். உன் அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினேன். ஆப்பை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். "மோட்டார் சைக்கிள் ரியூப் போட்டிருக்கிறியள். ஆள் செத்தாலும் இது கழராது" என்றார். பக்கத்தில் நின்ற சுபாங்கன் தானும் ஆப்பை இழுத்துப் பார்த்தான். இரண்டு மாதமாக அவன் அதை நம்பித்தான் கடலுக்குப் போயிருக்கிறான். நான் செய்ததில் மேடையை விடப் பெரிய பிழை அதுதான், மகள்.

உன் அப்பா எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் இருந்ததைப் பூட்டினார். அதற்குள் சனம் கூடிவிட்டது. "அண்ணை, தாம்புக் கயிறோ? வைக்கோலும் கொண்டுவரட்டோ?" என்று ஒருவன் கேட்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். இடுப்பில் கயிறைக் கட்டினார். சுபாங்கன் கூட ஏறப் போனான். "தனிய விழுந்தால்தான் தெரியும்" என்று சொல்லி அவனை இறக்கிவிட்டுத் தனியே எஞ்சினை இழுத்தார்.

இழுக்க முன் இடுப்பு முடிச்சை மூன்றுதரம் தொட்டுப் பார்த்தார். அதை நான் மட்டும்தான் கண்டேன்.

கரையை ஒட்டிய பாறைப் பாரைத் தாண்டி நல்ல வேகத்தில் போனார். பிறகு எழுந்து நின்றார். அப்படியே கடலுக்குள் விழுந்தார்.

எனக்குத் தூரத்துச் சத்தம் ஒன்றும் கேட்காது. போட் இன்னும் போவது போலத்தான் தெரிந்தது. சுபாங்கனைப் பிடித்து உலுப்பி, "நிண்டதோ? நிண்டதோ?" என்று கேட்டேன். "நிண்டிட்டுது அப்பு" என்றான். "அவர் விழுந்த உடனையே நிண்டிட்டுது."

அவர் உடனே ஏறவில்லை. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று சுபாங்கன் வேறொரு போட்டைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் ஏறினார். கரைக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். "தண்ணிக்குள்ளை இருந்து கேட்டனான். போட் போற சத்தம் கேட்கேல்லை" என்றார். நான்கு வருடமாக அவருக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கும்.

வைக்கோல் கேட்டவன் வந்து, அந்த வளையம் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தான்.

வீட்டில் தேநீர் குடித்தார். சீனி குறைத்துத்தான் கொடுத்தேன். பொன்னாடையை எடுத்து நீட்டினேன். "அது உங்களுக்குப் போர்த்தது. வைச்சிருங்கோ" என்றார். அதை அவர் மன்னித்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொப்பியில் என் பக்கத்தில் இதை எழுது: போன வருடம் பரிசு பெற்றவர் இவர் அல்லர். அதற்குக் கீழே சைக்கிளை எழுதலாம். அது என்னுடையதுதான்.

ம. சூசைதாசன்

*

இயேசு மரி சூசை

குருநகர்,
05.08.2024, காலை ஐந்தே முக்கால்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமறிய ஆவல். நீங்கள் சொன்ன இரண்டையும் கொப்பியில் எழுதிவிட்டேன். சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். கொப்பியை அப்பாவிடம் கொடுத்தேன். மன்னார்ச் சூசைதாசனின் சைக்கிள் சங்கிலியைப் பற்றித்தான் இரண்டுதரம் கேட்டார்.

அப்பா போட்டை விற்கவில்லை. எமில்ராஜ் மாமா, "அப்ப அந்தக் கயிறையாவது எனக்கும் ஒண்டு செய்து தாவன்" என்று கேட்டார். சான்றிதழை அப்பா சுவரில் மாட்டவில்லை. அலுமாரிக்குள் சித்தப்பாவின் படத்தோடு வைத்திருக்கிறார். சங்கத்துக்கு ஒருதரம் போனார். பெரிதாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

போன திங்கட்கிழமையிலிருந்து கடலுக்குப் போகிறார். நான் கேட்டது அதைத்தான். அம்மாவிடம் சொன்னபோது அவர் ரெலிபோனில், இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று மூன்றுதரம் கேட்டார். ஆனால் பெரியப்பா, இவ்வளவு காலமும் நான் எழும்பும்போது அப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டு இருப்பார். கதைக்காவிட்டாலும் இருப்பார். இப்போது நான் எழும்பும்போது வீட்டில் நான் மட்டும்தான். தேநீரை ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றிவிட்டு நிற்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அப்பாவிடம் சொல்ல முடியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் எஞ்சினின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். காற்று இல்லாத காலையில், வலை போட்டிருக்கும் வலையடி வரைக்கும் கேட்கும். முன்பெல்லாம் எஞ்சின் நின்றால் வலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது அப்பாவின் கயிறு சரியாக வேலை செய்தாலும் எஞ்சின் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். எது எது என்று கரையிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குக் காது கேட்காதது ஒரு விதத்தில் நல்லது என்றுகூட நேற்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நின்றுவிட்டது.

வலையடிக்குப் போயிருப்பார். வலை இழுக்க முக்கால் மணித்தியாலம் வேண்டும். நான் சீருடை போட்டுவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

ஆறரை. இன்னும் இல்லை. அற்புதராணி அன்ரி மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிறார். கழுவ வேண்டாம் என்று சொல்லலாம்போல இருக்கிறது.

ஏழாக இன்னும் பத்து நிமிடம். எஞ்சின் இயங்கிவிட்டது. வருகிறார்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, பெரியப்பா. போகிற வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள்.

என்றும் உங்கள் மகள்,
ஜெசிதா